நனையாத ரொட்டி

ரொட்டி ஏன் நனைகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அவித்த இறாலை ஒரு துணியில் பரப்பி, இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தேன். குளிப்பாட்டிய கைக்குழந்தையைத் துவட்டும் பதமாக.

இறாலுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். உப்பு பட்டதும் வெளியே வரும். வந்தால் நேரே ரொட்டியைத்தான் தேடிப் போகும்.

போன தடவை நான் செய்த சாண்ட்விச் அடிப்பக்கம் பிய்ந்து, மச்சினன் மடியில் கொட்டியது. அதனால்தான் மனைவியோடு இந்தப் பந்தயம்.

ஒரு மணி நேரம் கழித்தும் ரொட்டி காய்ந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குத் தூக்கம். ஓர் ஈரப்பொட்டு தெரிந்தாலும், மூன்று வருடமாக மனைவியிடம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட அந்த வேலையை அன்றைக்கே முடிக்க வேண்டும்.

நடுவர் மச்சினன். பசியோடு இருக்கும் நடுவர்.

நண்டுச் சதையை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தேன். வெள்ளரியின் விதையைச் சுரண்டி எறிந்தேன். மயோனைஸ் மூன்றே கரண்டி. அது ஒட்ட வேண்டும், ஓடக் கூடாது.

பிறகு வெண்ணெய். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நடுவில் தாராளமாகப் பூசிவிட்டு ஓரத்தை மறந்துவிடுவார்கள். தண்ணீருக்கு ஓரம் போதும்.

முதல் பூச்சு குளிர்ந்து இறுகியதும் இரண்டாவது பூச்சு. அதன்மேல் லெட்யூஸ் இலைகள், ஒன்றின்மேல் ஒன்று இரண்டு விரல் ஏறும்படி.

"அத்தான், சாண்ட்விச் பண்றீங்களா, வீடு கட்டுறீங்களா?" என்றான் மச்சினன்.

மனைவி மேசை நடுவில் இருந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவப் போட்டாள். காலியான இடத்தில் என் தட்டைப் பத்திரமாக வைத்தாள்.

அவள் அவ்வளவு அக்கறை காட்டியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தோம்.

ஒரு மணி நேரம் கழித்துப் போனால், மேல் ரொட்டியின் நட்டநடுவே காசளவு ஈரம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வெண்ணெய்க்கு உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. அடி ரொட்டியைத் திருப்பினேன். சுக்காகக் காய்ந்திருந்தது.

அப்படியானால் ஈரம் உள்ளிருந்து வரவில்லை. மேலிருந்து வந்திருக்கிறது.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். என் மூக்கின்மேல் சொட்டென்று ஒன்று விழுந்தது.

மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

மனைவி கழுவிய பாத்திரத்தைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தாள்.

"தோத்தது ரொட்டி இல்லீங்க. அது நல்லாத்தான் இருக்கு," என்றாள், ஒரு துண்டை எடுத்துக் கடித்தபடி. "டேய், ஞாயித்துக்கிழமைக்கு உங்க அத்தான் வேன்ல இருந்து ஏணியை இறக்கி வை."

மச்சினன் சிரித்துக்கொண்டே மழையில் ஓடினான்.

ஜன்னல் வழியாக என் வேன் தெரிந்தது. அதன் பக்கவாட்டில் நானே சொல்லி எழுதவைத்த எழுத்துகள், மழை கழுவியதில் பளபளவென்று மின்னின.

'கூரை ஒழுகல் நிபுணர். ஒரு சொட்டும் இறங்காது.'