ரீவி மேல் போட்ட பழி

இந்த முறை பழி பாட்டுப் போடும் ரேப் றெக்கோடரின் தலையில் விழுந்தது. பராசக்தி அதை வயரோடு தூக்கிக்கொண்டு வாசல் படலைப் பக்கம் நடந்ததைக் கண்டபோது, மருமகள் குணலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு கொழும்பை விட்டு வந்த அவள் புருசன் சண்முகநாதன், தெல்லிப்பழையில் வீட்டு முன்னறையிலேயே ரீவி, ரேடியோ திருத்தும் கடை போட்டிருந்தான். கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லை என்று ஊர் குசுகுசுத்தது. "உந்த ரீவியளின்ரை சூடுதான் என்ரை பிள்ளையைக் கெடுத்தது" என்று தாய் பராசக்தி கிணற்றடியிலிருந்து கோயில் வீதி வரை சொல்லி வைத்தாள். தாய் சொல்லைத் தட்டாத மகன் கடையை மூடிவிட்டுப் புகையிலைத் தோட்டத்தில் இறங்கினான்.

மருமகளை மலடி என்று சொல்ல அவள் ஒரு நாக்கையும் விடவில்லை. மற்ற மாமிமார் மாதா மாதம் நாள் எண்ணிக்கொண்டிருக்க, பராசக்தி ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. கீரிமலைக் கோயிலுக்கு நேர்த்தி வை என்றுகூடச் சொன்னதில்லை. இப்படி ஒரு மாமி யாருக்கு வாய்க்கும் என்று குணலட்சுமி நெஞ்சு நிறைந்து போவாள்.

வினை வேறு வழியால் வந்தது. கடை மூடியபோது அந்த வீட்டு ரீவியை வாங்கிப்போன பத்மாவதிக்கு மறுவருடமே இரட்டைப் பிள்ளை. அதுவும் ரீவிக்கு முன்னாலேயே பாய் போட்டுக் கிடந்த குடும்பம். பெட்டியில் பிழையில்லை என்றால் பிறகு யாரில் பிழை? நேற்று ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், குணலட்சுமியின் கையிலிருந்த ஆலாத்தித் தட்டை, பிள்ளையில்லாதவள் எடுக்கக்கூடாதென்று ஒருத்தி மெல்ல வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகை சொல்லி மாளாது.

ரேப் றெக்கோடரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பராசக்தி திரும்பி வந்தபோது, குணலட்சுமி சூட்கேசோடு விறாந்தையில் நின்றாள். சண்முகநாதன் இன்னும் தோட்டத்தால் வரவில்லை.

"நான் அரியாலைக்கு அம்மாவிட்டைப் போறன், மாமி. அவருக்கு வேறை ஒரு பொம்பிளை பாருங்கோ. அவராவது ஒரு பிள்ளையைக் காணட்டும்."

பராசக்தி சூட்கேசை எட்டிப் பிடித்தாள்.

"போகாதை, பிள்ளை. ஆரைக் கொண்டுவந்தாலும் அவனுக்குப் பிள்ளை பிறவாது."

மாமி மறுபடியும் பெட்டிக் கதையைத் தொடங்குகிறாள் என்றே குணலட்சுமி நினைத்தாள். தனக்காகப் பொய் சொன்னது போதும் என்றாள்.

பராசக்தி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மகனுக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கியதையும், அது கீழே இறங்கிப் படாத பாடு படுத்தியதையும் சொன்னாள். இனி இவனுக்குச் சந்ததியில்லை என்று டொக்டர் தன்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். அவனுக்கு இன்றுவரை தெரியாதாம்.

அந்தத் துக்கத்துக்குள்ளும் குணலட்சுமிக்கு மாமியின் மேல் இரக்கம் பெருகியது. மருமகளின் மானத்தைக் காக்க, தான் பெற்ற மகனின் தொழிலையே பலி கொடுத்த மனுசி. பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உதை எப்ப மாமி டொக்டர் சொன்னவர்?"

பராசக்தி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"உன்னைப் பொம்பிளை பாக்க வர முந்தியே, பிள்ளை."