தள்ளி நில்லுங்க

பெயின்ட் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் அவள் கலக்கிய வெள்ளை மறுபடியும் கட்டி தட்டியது. இன்றும் சரிவராவிட்டால் வேலை போய்விடும். துகள்கள் விலகி மிதந்தால்தான் பெயின்ட். நுண்ணோக்கித் திரையிலோ அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒட்டிக் கிடந்தன. காலைப் பேருந்தின் எரிச்சல் இன்னும் தீராதவள், "எருமைங்களா, மேல விழாம தள்ளி நில்லுங்க" என்றாள்.

நின்றன. சம இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக.

மேலாளர் வந்து அவள் தோளை உரசியபடி திரையைப் பார்த்தார். "அட, என்னம்மா சேர்த்தே?"

"திட்டினேன் சார்."

"நல்ல ஜோக்கு" என்று இன்னும் நெருங்கினார்.

"தள்ளி நில்லுங்க சார்."

அவர் அசையவில்லை. திரையில் துகள்கள் எல்லாம் மரியாதையாக இன்னும் கொஞ்சம் விலகின.

அதைப் பார்த்த பிறகுதான் அவர் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார். அங்கிருந்தே, "நாளைக்கும் வந்துடும்மா" என்றார்.