ஒரு சாண் தூரம்

கெர்பன் தன் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அந்தச் சத்தம் கேட்டதும் அலைடா உருளைக்கிழங்கு சீவும் கத்தியைக் கீழே வைத்தாள்.

அடிப்பதற்கு முன் அவன் முதலில் செய்வது அதுதான். தன் கண்ணாடியைப் பத்திரப்படுத்துவான். பிறகு மனைவியின் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பான். ஹட்டம் என்ற சிற்றூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பொருளின் அருமை தெரிந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவசரத்தில் மறந்துவிட்டான். அறைந்ததில் அவளுடைய இடது பக்க லென்ஸ் உடைந்து புருவத்தைக் கிழித்தது. புருவத்துக்கு ஒரு பிளாஸ்திரி, கண்ணாடிக்கு ஒரு டேப் ஒட்டிவிட்டான்.

இன்று அவள் முகத்தில் கண்ணாடியே இல்லை. அது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"தலைமையாசிரியர் பொண்டாட்டி உன்னைப் பாத்து கையாட்டினாளாம். நீ கண்டுக்காம போனியாம்," என்றான். "கண்ணுதான் அவிஞ்சு போச்சு. மரியாதையுமா?"

பதில் சொன்னாலும் அடி விழும், சொல்லாவிட்டாலும் விழும்.

முதல் குத்து வயிற்றில். அவள் மடங்கியதும் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினான். உதடு பிளந்தது. மறுபடி மோதினான். வாயெல்லாம் ரத்தம், ஏதோ ஒரு பல் ஆடியது.

எப்போதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறவள், இன்று கண்களை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். லென்ஸ் விழுந்துவிடக் கூடாது.

காலையில்தான் பேருந்தேறி ஸ்வொல்ல நகரத்துக்குப் போயிருந்தாள். உடைந்ததை மாற்றித் தரச் சொல்லி அவனிடம் கேட்கப் பயம். அங்கே ஹஸ்னா என்ற கண் பரிசோதகர் உடைந்த துண்டை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். மைனஸ் ஐந்து. பிறகு அலைடாவின் கண்களை அளந்தாள். நம்பாமல் இன்னொரு முறையும் அளந்தாள். மைனஸ் ஒன்பது.

"ஒன்பதுல அஞ்சு போனா நாலு பாக்கி. ஒரு மீட்டரை நாலால வகுத்தா கால் மீட்டர். கண்ணாடி போட்டுக்கிட்டும் உங்களுக்கு ஒரு சாண் தூரம்தான் தெளிவா தெரியும். யாருங்க இதை எழுதிக் கொடுத்தது?"

கல்யாணமான நாளிலிருந்து அலைடாவுக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவன் கெர்பன்தான். விழித்திரை நைந்துவிட்டது, இதற்குமேல் எந்த லென்ஸும் உதவாது, வண்டி ஓட்டாதே, தனியாக எங்கும் போகாதே என்று சொன்னவனும் அவன்தான். இத்தனை அக்கறையா என்று அவள் ஒருகாலத்தில் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள்.

ஹஸ்னா அந்தப் பிளாஸ்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கண்ணாடி வேண்டாம். கண்ணுமேலயே ஒட்டுற லென்ஸ் தர்றேன். ஒட்டியே இருக்கிறதால ஒன்பது தேவையில்லை, எட்டு போதும். ரொம்பக் கிட்ட வந்து பாத்தாத்தான் அடுத்தவங்களுக்குத் தெரியும்."

கெர்பன் ரொம்பக் கிட்டத்தான் இருந்தான். அவன் மூச்சு அவள் கன்னத்தில் சுட்டது. ஆனால் அவனுக்குப் பிளஸ் மூன்று. தன் கண்ணாடி இல்லாமல் அருகில் இருக்கும் எதுவும் அவனுக்குப் பிடிபடாது. அடிக்கும்போது அந்த முகத்தை அவன் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

முடியை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனான். கையை ஓங்கினான்.

அலைடா கண்ணைத் திறந்தாள்.

அடி என்பது அவளுக்கு எப்போதும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்து விழுவது. இப்போது அது கிளம்பும் இடம் தெரிந்தது. முதலில் தோள் அசைந்தது. பிறகு முழங்கை. தப்பிக்க இவ்வளவு அவகாசம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

முஷ்டி செங்கல் சுவரில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் காதருகில் கேட்டது.

அவன் அலறிக்கொண்டே மறு கையால் அவள் கழுத்தைத் துழாவினான். அவள் அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். இடம் பார்த்து, மூட்டுச் சில்லின் நடுவில். அவன் சரிந்த பிறகு இன்னொரு காலிலும்.

நிமிர்ந்தபோது முன்னறையின் பெரிய ஜன்னல் தெரிந்தது. அதற்கு அப்பால் தெரு. தெருவுக்கு அப்பால் எதிர்வீட்டு ஜன்னல். அவளுக்கு அது எந்நாளும் வெறும் மஞ்சள் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்துக்குள் போன்ஸ்ட்ரா தம்பதி இருந்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அம்மாள் கையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். தெருவில் பார்க்கும்போதெல்லாம் "மறுபடியும் விழுந்துட்டீங்களா, பாவம்" என்று தோளைத் தடவிக் கொடுக்கிறவள். அவர்களுடைய இரண்டு நாற்காலிகளும் இந்த வீட்டைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன.

அம்மாளின் கண்களும் அவள் கண்களும் சந்தித்தன. வாய்க்குப் போன கோப்பை பாதியில் நின்றது. பிறகு ஒரு கை நீண்டு திரைச்சீலையை இழுத்தது. அந்தத் தெருவில் யாரும் திரை போடுவதில்லை.

அலைடா மேலங்கிகூட இல்லாமல் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டு மணியில் வைத்த விரலை எடுக்கவில்லை. போலீஸை அழைக்க ஒரு போன் வேண்டும். சாட்சி சொல்ல ஒரு வாய் வேண்டும்.

வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. உதட்டிலிருந்து ரத்தம் சொட்ட நிற்பவளிடம் அம்மாள் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"உங்களுக்கு... கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள்.