கோச்சுக்கு ஒரு வக்கீல்

அந்த இந்தியானா ஊர் உணவகத்தில், சுவரோரம் மெர்லும் டுவைனும், எதிரே லோரெட்டா, ஜன்னலோரம் ஹீட்டர் ஓடியும் கோட்டைக் கழற்றாத ஒரு புதியவர்.

கல்லூரிக் கூடைப்பந்து கோச் ஆர்வினை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான் மெர்ல்.

“எட்டு வருஷமா பக்கத்து ஊர்க்காரன்கிட்ட உதை வாங்கறோம். மனுஷன் அதே பழைய ஆட்டத்தையே கட்டிட்டு அழறார்!” என்றாள் லோரெட்டா.

“முப்பது வருஷம் உழைச்சவரும்மா. இப்படியா துரத்துவீங்க?” புதியவரின் குரல் தழுதழுத்தது.

இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மெர்லுக்குப் புரியவில்லை. ஆனாலும் மூவரும் இளகினார்கள். ‘இன்னும் ஐந்து வருடம் அவரே இருக்கட்டும்’ என்று கடிதம் மாறியது.

புதியவரே உறையை ஒட்டி, வெளியே தெருவோரத் தபால் பெட்டிக்கு விரைந்தார். காற்றில் கோட்டு விலகியது. உள்ளே, பக்கத்து ஊர் அணியின் சிவப்புப் பனியன்!

மெர்ல் கதவைத் திறப்பதற்குள் கடிதம் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.