கண்ணு முன்னாடி பிரிக்கோணும்

"நான் இங்கயே ஒக்காந்துக்கறேனுங்க பாய். எங்கண்ணு முன்னாடிதான் பிரிக்கோணும்."

உக்கடத்துல லேப்டாப் சர்வீஸ் கடை வெச்சிருக்கற ரசாக் தலையாட்டுனாரு. தொண்டாமுத்தூர்ல இருந்து வந்திருந்த திருமலைசாமி, ஸ்டூலை இழுத்து ரசாக்கோட முழங்கை இடிக்கற தூரத்துல போட்டுக்கிட்டாரு.

லேப்டாப் அவரு மக லோகப்பிரியாவோடது. அப்பளத்தை விடக் கொஞ்சம் தடிமன். சார்ஜ் ஏறாம நேத்துப் படுத்திருச்சு. திங்கக்கிழமை காலேஜ்ல கடைசி வருஷ புராஜெக்ட் வைவா. நாலு மாச வேலை பூராவும் அதுக்குள்ள.

வேற எதுலயும் காப்பி எடுத்து வெக்கலையான்னு ரசாக் கேட்டாரு.

"எப்படீங்க எடுக்கறது? இருக்கறதே ஒரு ஓட்டை. சார்ஜரும் அதுலதான், பென்டிரைவும் அதுலதான். மாத்தி மாத்திக் குத்தி அதுவும் லூசாயிருச்சு."

"லேப்டாப்புக்கு ஒடம்பு எளைச்சா ஓட்டையும் கொறையுமுங்க"ன்னாரு ரசாக்.

ரெண்டு மணி நேரமாகும், கடைவீதிப் பக்கம் போயிட்டு வாங்கன்னாரு ரசாக். திருமலைசாமி அசையல. நல்ல மெமரியை உருவிட்டுப் பழசைச் சொருகுவாங்களாம், பேட்டரியை மாத்துவாங்களாம். எந்த ரிப்பேர்காரரா இருந்தாலும், ஆளு அந்தப் பக்கம் திரும்புனா கை இந்தப் பக்கம் போயிருமாம்.

"உங்களைச் சொல்லலீங்க பாய். பொதுவாச் சொல்றேன்."

ரசாக் அடிமூடியைக் கழட்டுனாரு. திருமலைசாமி மூக்கை உள்ளயே விட்டுட்டாரு. மெமரி எதுன்னு கேட்டாரு.

"இதாங்க. கம்பெனிக்காரன் போர்டோட சேத்து ஈயத்துல பத்த வெச்சிருக்கறான். டிஸ்க்கும் அப்படித்தான். பேட்டரிக்குப் பசை. இதுல களவாடோணும்னா லேப்டாப்போடதான் களவாடோணும்."

"அப்பத் திருட்டுக்கே வழியில்லாம செஞ்சிருக்கறான். நல்ல மனுசன்."

"ரிப்பேருக்கும் வழியில்லாமத்தாங்க செஞ்சிருக்கறான்."

பூதக்கண்ணாடியில குனிஞ்சு பழைய ஓட்டையைப் பேத்து, புதுசைப் பத்த வெச்சாரு ரசாக். ரெண்டு மணி நேரம் மூணாச்சு. திருமலைசாமி ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல.

சார்ஜர் குத்துனதும் வெளக்கு எரிஞ்சுது. தெரையில லோகப்பிரியாவோட புராஜெக்ட் வந்து நின்னுச்சு. திருமலைசாமிக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டாரு.

"நான் பக்கத்துல இருக்கப்போயிதாங்க வேலை சுத்தமா முடிஞ்சுது."

ரசாக் சிரிச்சுட்டு மூடியை மாட்டுனாரு. அதுக்குள்ள திருமலைசாமிக்குப் போன் வந்துச்சு.

"திருமலை மோட்டார் ரீவைண்டிங்குங்க, சொல்லுங்க… ஆமாங்க, உங்க போர் மோட்டாரை நாளைக்குப் பிரிச்சுருவேன்… நீங்க எதுக்குங்க வந்துட்டு? ஆளு பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாதுங்க… உள்ள இருக்கற பழைய செம்புக் கம்பிங்களா? அது கருகி ஒண்ணுக்கும் ஆகாதுங்க. நீங்க செரமப்பட வேண்டாம், நானே கொட்டிப்போடறேன்."