போணிக்கு முன்னால் உட்கார்ந்தவள்

கடையில் வேலை செய்பவர்கள் நடுநடுவே உட்காரலாம், அது அவர்கள் உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மறுநாள் காலை, பரமசிவம் அண்ணாச்சியின் சேலைக்கடைக்கு ஒரு சிவப்பு ஸ்டூல் வந்து சேர்ந்தது. பதினோரு வருடமாக நின்றுகொண்டே சேலை விரித்து, சாயங்காலம் செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் கால் வீங்கிப்போகும் தவமணி, புதுச்சரக்கைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தாள். அண்ணாச்சி தீர்ப்பிலும் பேரம் பேசிப் பார்த்தார்.

“முதல்ல போணி ஆகட்டும்மா. அப்புறம் உக்காரு.”

“தீர்ப்புல போணின்னு ஒண்ணும் போடலையே அண்ணாச்சி.”

“சரி, உக்காரு. ஆள் வந்தா எந்திரிச்சிரணும்.”

“அதுக்கு நான் நின்னுகிட்டே இருந்துரலாமே!” சொல்லிக்கொண்டே தவமணி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

அப்போதுதான் பூக்கடை ருக்மணி, அன்றைய முதல் ஆளாக உள்ளே வந்து மேல்தட்டைக் காட்டினாள். “அந்த மயில்கழுத்துக் கலரை எடு, பாப்போம்.”

தவமணி எழவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தாள். முதல் வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினால் அன்றைய நாளே விளங்காது என்பது அண்ணாச்சிக்கு எந்தக் கோர்ட்டுக்கும் மேலான சட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏணியில் ஏறினார்.

“அது இல்ல அண்ணாச்சி,” என்றாள் தவமணி, கால்மேல் கால் போட்டபடி. “அதுக்கும் மேல.”