கதவுக்கு வெளியே ஓர் அக்கா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. மருமகளுக்கே இன்னும் கிடைக்கவில்லை; அவள் அழுகிற நிலையில் இருக்கிறாள்.

"கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லைங்க!" என்றாள் போனில்.

"அப்பா அங்கேதானே இருக்கார்? வாசல்ல நிக்கச் சொல்லேன்," என்றான் கணவன். அவனுக்குப் பின்னால் வாட்டர் பார்க்கின் ராட்சச ராட்டினத்தில் யாரோ அலறினார்கள்.

"அவரா? அவர் நின்னா எனக்குப் பாலே வராதுங்க," என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு எட்டடி தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியாது.

எட்டடி தூரத்தில் நின்ற மாமனார் தொண்டையைக் கனைத்தார். "க்ஹும்." விறுவிறுவென்று நடந்து, கோடியில் இருந்த பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டிலும் இதே கனைப்புதான். அவள் பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், கூடத்திலிருந்து "க்ஹும்". குழந்தை பிறந்து நாலு மாதமாக அவர் அவளிடம் பேசிய பேச்சே அது ஒன்றுதான்.

பேரன் மட்டும் இனிப்பான், பால் கசக்குமாக்கும்!

அந்தப் பேரன் ஒரு பக்கம் குடித்த கையோடு தூங்கி, மரத்தடியில் மாமியார் மடியில் கிடந்தான். மறுபக்கம் அவளுக்குக் கல்லாகக் கனத்தது. போன வாரம்தான் பால் கட்டி, குளிர் ஜுரத்தில் மூன்று நாள் நடுங்கினாள். "இன்னொரு தடவை தேங்க விட்டா கத்திதான்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வேறு வழியில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

'தாய்மார் அறை' என்ற போர்டு மட்டும்தான் பளபளப்பு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பிளக். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. பிளக் இந்தக் கோடியில், கதவு அந்தக் கோடியில். பால் எடுக்கும் பம்பின் வயரும் கதவு வரை எட்டாது, காலும் எட்டாது.

ட்ஸுக்... ட்ஸுக்... பம்ப் ஓட ஆரம்பித்தது. பாட்டிலில் முதல் சொட்டு விழுந்தது.

கதவின் அடியில் ஈரமான கால்கள். நாலு.

"டேய், இந்த ரூம் காலிடா! இங்கேயே துணி மாத்திக்கலாம்."

கதவு ஒரு விரல்கடை திறந்தது. வெளிச்சம் கோடாக அவள் மடியில் விழுந்தது. துப்பட்டாவை இழுத்ததில் பாட்டில் சாயப் பார்த்தது.

"யாருடா அது? கையை எடு கதவுலேர்ந்து!"

பெண் குரல். தொண்டை கட்டிய கீச்சுக் குரல். கதவு படக்கென்று சாத்திக்கொண்டது.

அப்புறம் கொல்லென்று சிரிப்பு.

"டேய்... டேய், இங்கே பாருடா! போனை எடு, வீடியோ எடு!"

வீடியோவா? கதவில் இருந்த நாலு ஓட்டையிலும் நாலு கண் முளைத்த மாதிரி இருந்தது.

"எடு ராசா, என் மூஞ்சியை நல்லா எடு," என்றது அந்தக் குரல். "கேமரா கதவுப் பக்கம் திரும்பிச்சு, போனும் நீயும் குளத்துக்குள்ளதான்!"

சிரிப்பு தேய்ந்து தூரமாகப் போனது. கதவடியில் ஒரே ஒரு ஜோடி நிழல் மட்டும் நின்றது.

"பயப்படாதேம்மா. செக்யூரிட்டிதான். நீ நிதானமா எடு."

"போயிடாதீங்கக்கா!"

"போகலைம்மா."

"உங்களுக்குத் தொண்டை சரியில்லையாக்கா?"

"அது... பொறந்ததிலேர்ந்தே இப்படித்தான்."

பயம் தெளிந்த வாய் சும்மா இருக்குமா?

"எங்க மாமனாரும் வந்திருக்காருக்கா, பேருக்கு. பம்பைப் பார்த்ததும் அந்தக் கோடிக்கு ஓடிட்டார். வீட்லயும் நான் பால் கொடுத்தா அவருக்கு ஆகாது. கனைச்சே காட்டுவார். நேரா திட்டினாக்கூடத் தேவலைக்கா."

கதவடியில் நிழல் லேசாக நகர்ந்தது. "அக்கா? போயிட்டீங்களா?"

"இருக்கேன்." குரல் இன்னும் கம்மியிருந்தது. "ஆகாதுன்னு இருக்காதும்மா. 'நான் வர்றேன், துணியைச் சரி பண்ணிக்கோ'ன்னு ஒரு ஆம்பளை வாயால சொல்ல முடியுமா? கனைக்கத்தான் முடியும்."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கனைப்புக்கு அப்புறமும் அவர் கூடத்தைத் தாண்டி வர ஒரு நிமிஷமாவது ஆகியிருந்தது. ஒரு தடவைகூட உடனே வந்ததில்லை.

பாட்டில் நிறைந்தது. கல் கரைந்தது. எல்லாவற்றையும் பையில் வைத்துக் கதவைத் திறந்தாள்.

அக்காவைக் காணோம்.

கோடி பெஞ்சில் மாமனாரின் முதுகு மட்டும். ஓடி வந்து உட்கார்ந்த மாதிரி அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இங்கே ஒரு செக்யூரிட்டி அக்கா நின்னாங்களே..."

அவர் திரும்பவில்லை. எங்கோ கையைக் காட்டினார்.

அந்தத் திசையிலிருந்தே சொட்டச் சொட்ட இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் மாமனாரைப் பார்த்துப் போனை ஆட்டினான்.

"செக்யூரிட்டி அக்கா, வீடியோ சூப்பர்! அடுத்த தடவை மீசையை மட்டும் எடுத்துட்டு வாங்க!"

மாமனாரின் காது சிவந்தது.

"க்ஹும்," என்றார்.

மருமகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த முதுகையே பார்த்தாள். உதட்டைக் கடித்தும் அடங்கவில்லை.

"போகலாமா... அக்கா?"